ஓஷினன் ஏரிக்குப் போகிற யாழ்ப்பாணத்தாருக்கு

கோடை விடுமுறைக்கு சுவிஸில் உள்ள அக்கா வீட்டுக்கோ சித்தப்பா வீட்டுக்கோ போகிறீர்களென்றால், ஒரு முழு நாளை ஓஷினன் ஏரிக்கு ஒதுக்குங்கள். பேர்ணிலிருந்து மலையடிவாரக் கிராமமான கண்டர்ஸ்ரெக்குக்கு ரெயினில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. அங்கிருந்து கேபிள் கார் 1,682 மீற்றர் உயரத்தில் இறக்கிவிடும். ஏரி 1,578 மீற்றரில். அரை மணித்தியாலம்கூட நடக்கத் தேவையில்லை. பெரும்பாலானோர் நேரே கரைக்கு இறங்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ஏரிக்கு மேலேயுள்ள ஹொய்பெர்க், ஓபர்பெர்க்லி என்ற இடங்கள் வழியாக மேலால் சுற்றி இறங்குங்கள்.

வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை போட்ட மலைப்பாதை அது. மஞ்சள் கைகாட்டியில் எழுதியிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. 3 மணித்தியாலம் என்றால் எங்களுக்கு 5 என்று வையுங்கள். ஹொய்பெர்க்கில் மரங்கள் விலகியதும் முழு ஏரியும் காலடியில் விரியும். எதிரே 3,661 மீற்றர் புளூம்லிசால்ப்ஹோர்ன் சிகரம் பனியோடு நிற்கும். மலை சரிந்து பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான ஏரி இது. தண்ணீர் மேலால் வழிவதில்லை, அந்த இடிபாட்டுக்குள்ளால் கசிந்தே வெளியேறுகிறது. பாதையோரம் செங்குத்தான இடங்கள் உண்டு, பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

எங்களைச் சோதிப்பது ஏற்றமல்ல, இறக்கம். ஓபர்பெர்க்லியிலிருந்து கரைக்கு ஏறத்தாழ 400 மீற்றர் இறங்கவேண்டும். மேடே இல்லாத ஊரில் நடந்த தொடைத்தசைக்கு உடம்பைத் தாங்கித் தாங்கி இறக்கிப் பழக்கமில்லை. பாதி வழியில் முழங்கால் நடுங்கத் தொடங்கும். பண்ணைப் பாலத்துக் காலை நடை மூச்சுக்கு உதவும், முழங்காலுக்கு உதவாது. பயணத்துக்கு 3 கிழமைக்கு முன்பிருந்தே மாடிப்படி ஏறி, முக்கியமாக மெதுவாக இறங்கிப் பழகுங்கள். மலையில் காலடிகளைச் சின்னதாக வையுங்கள். ஊன்றுகோல் இருந்தால் இறக்கத்தில் 5 சென்ரிமீற்றர் நீட்டிவிடுங்கள்.

அடுத்தது சப்பாத்து. அலுமாரியில் வருடக்கணக்காகக் கிடந்த மலைச்சப்பாத்தை நம்பிக் கொண்டுபோகவேண்டாம். அடிப்பாகத்துக்கும் மேல்தோலுக்கும் நடுவிலுள்ள பொலியூரித்தேன் என்ற மெத்தைப் பொருள் எங்கள் வெக்கைக்கும் ஈரப்பதனுக்கும் பாவிக்காமலே சிதைந்துபோகும். வெளியில் பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். பெருவிரல் நகத்தால் அந்த நடுப்பகுதியை அழுத்திப் பாருங்கள். வெடிப்பு விட்டாலோ தூளாக உதிர்ந்தாலோ மலையில் அடி கழன்றுவிடும். கால்நகத்தையும் முதல்நாளே வெட்டுங்கள், இறக்கம் முழுக்க விரல்நுனி முன்னால் இடிக்கும்.

ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர், றொட்டியும் கட்டைச் சம்பலும், ஒரு மழைக்கோட்டு, வெயிலுக்குத் தொப்பி. இவ்வளவும் போதும்.

ஜூலை, ஓகஸ்ற் மாதங்களில் பின்னேரம் இடிமழை பிடிக்கும், ஆகவே காலை 9 மணிக்கு முன் நடக்கத் தொடங்குங்கள். கடைசிக் கேபிள் காரின் நேரத்தை ஏறும்போதே பார்த்து வையுங்கள்: கரையிலிருந்து நிலையத்துக்குத் திரும்பவும் 100 மீற்றர் ஏறவேண்டும். தவறவிட்டால், களைத்த முழங்காலோடு இன்னொரு 400 மீற்றர் இறங்கித்தான் கண்டர்ஸ்ரெக்குக்குப் போகலாம். ஏரிக்குத் தெற்கே ஷ்பிட்சர் ஷ்ரைன் என்ற பாறைச்சரிவு அசைந்துகொண்டிருக்கிறது. அதனால் அடைத்த பாதைகளுக்குள், எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும், காலே வைக்காதீர்கள்.

விழுந்து நடக்க முடியாமல் போனால் 1414க்கு எடுத்தால் மீட்பு ஹெலிகொப்ரர் வரும். செலவு மிகப் பெரிது. உங்கள் பயணக் காப்புறுதியில் மலைமீட்பு அடங்குமா என்று யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட முன்னரே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.