உலகம்மை பின்னால் வந்த ரோடு

பாபநாசம் கோயிலில் உலகம்மை சந்நிதிக்கு முன்னால் ஓர் உரலும் உலக்கையும் உண்டு. விரலி மஞ்சளைப் போட்டு இடித்து, அந்தப் பொடியை அம்மன் அபிஷேகத்துக்குக் கொடுக்க வேண்டும். கல்யாணம் தள்ளிப் போகிறவர்கள் இடிப்பார்கள், பிள்ளைக்கு ஏங்குகிறவர்களும் இடிப்பார்கள். எனக்கு இருபத்தேழு வயதில் ஆச்சி என்னை அங்கே கூட்டிப்போய் உலக்கையைக் கையில் கொடுத்தாள். விரலி மஞ்சள் லேசில் உடையாது. துள்ளும், உரலை விட்டு வெளியே தெறிக்கும். பொறுக்கிப் போட்டு மறுபடியும் குத்த வேண்டும். எனக்கிருந்த கோபத்தில் ஓங்கி ஓங்கிக் குத்தினேன்.

“மெதுவா இடிட்டி. அவளுக்குக் காது நல்லாக் கேக்கும்” என்றாள் ஆச்சி.

அந்தக் காதைப் பற்றி ஆச்சியிடம் ஒரு கதை இருந்தது. எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்போதே சொல்லியிருக்கிறாள். விக்கிரமசிங்கபுரத்தில் நமசிவாயக் கவிராயர் என்று ஒருவர். தினமும் பாபநாசம் கோயிலுக்கு வந்து அர்த்தசாம பூஜை பார்த்துவிட்டு, வாய் நிறைய வெற்றிலையோடு, அம்மாளைப் பற்றிப் பாடிக்கொண்டே இருட்டில் வீட்டுக்கு நடப்பார். சந்நிதியை விட்டு இறங்கி அவர் பின்னாலேயே உலகம்மையும் நடப்பாள், பாட்டுக் கேட்க. அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை. ஒரு நாள் தாம்பூலத்தைத் துப்பினார். காற்றோ என்னவோ, பின்னால் வந்தவளின் வெள்ளைப் புடவையில் எச்சில் செக்கச்செவேல் என்று தெறித்துவிட்டது. காலையில் நடை திறந்த பட்டர் பார்க்கிறார், அம்மன் உடுத்தியிருக்கிற புடவையில் வெற்றிலைக் கறை.

பிறகு ஒரே அமளி. அரசன் வரைக்கும் விஷயம் போய், அவன் கனவில் அம்மனே வந்து நடந்ததைச் சொல்ல, கவிராயரைக் கூப்பிட்டு ஒரு சோதனை வைத்தார்கள். அம்மன் கையில் பூச்செண்டை வைத்துப் பொன் கம்பியால் சுற்றிக் கட்டினார்கள். அவர் நின்ற இடத்தில் கட்டளைக் கலித்துறையில் அந்தாதி பாடினார். ஒரு பாட்டுக்கு ஒரு சுற்றாகக் கம்பி அறுந்து, கடைசியில் செண்டு அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

பாட்டு, பூச்செண்டு எல்லாம் சரி. அந்த வயதில் எனக்குப் புடவைதான் மனதில் நின்றது. ஊரில் எந்தப் பெண் மேல் இப்படித் துப்பினாலும் நாலு சாத்து சாத்தியிருப்பாளே! “அவ ஏன் ஆச்சி துவைக்கல? ஆறு வாசல்லயே ஓடுதே” என்று கேட்டேன்.

“துவைச்சிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?”

“ஐயா ஒண்ணும் சொல்லலையா?” என்றேன். பாபநாசநாதரைத்தான் ஐயா என்போம்.

“அர்த்தசாமம் முடிஞ்சாச்சுல்லா. அவ்வோ தூங்கிட்டாவ.”

தாய் பிள்ளையின் மழலையைக் கேட்கப் பின்னால் போன கதை இது என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். ராத்திரி யாருக்கும் தெரியாமல் வீட்டை விட்டு இறங்கிப் போனவள், கறையைத் துவைக்காமல் அப்படியே வைத்திருந்தவள். எனக்கு அவள் அன்றைக்கும் சின்னப் பெண்தான், இன்றைக்கும் சின்னப் பெண்தான். ஆச்சியும் உள்ளூர அப்படித்தான் நினைத்திருப்பாள் என்று படுகிறது. இல்லாவிட்டால் ஐயாவைத் தூங்க வைத்திருக்க மாட்டாள்.

மஞ்சள் இடித்த அடுத்த ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. ஆச்சி இப்போது இல்லை. அர்த்தசாமம் பார்த்துவிட்டு அந்த ரோட்டில் ஒரு தரம் நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்து, நடக்காமலே போய்விட்டாள். இந்தத் தை மாதம் நாங்கள் இரண்டு பேரும் போனோம். இவருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது, நடை பிடிக்கும்.

திருநெல்வேலியில் செங்கோட்டை ரயிலைப் பிடித்து அம்பாசமுத்திரத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ். பாபநாசத்தில் இறங்கியதும் முதலில் ஆறு. மலையை விட்டு அப்போதுதான் இறங்கிய தண்ணீர், காலை வைத்தால் சுரீர் என்கிறது. படித்துறையில் பொரி போட்டால் மீன்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வருகின்றன. கூடவே ஒரு பழைய வேட்டியும் மிதந்து வந்தது. முழுகிவிட்டு உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. இவர் அதை இழுத்துப் படியில் போட்டார். இரண்டு நிமிஷத்தில் இன்னொன்று வந்தது. உரோமச முனிவர் இதே ஆற்றில்தான் ஒன்பது பூவை மிதக்கவிட்டார். அவை ஒதுங்கிய இடங்கள்தான் பாபநாசம் தொடங்கி சேர்ந்தபூமங்கலம் வரைக்கும் நவகைலாயம் ஆயின. அவர் பூ விட்ட ஆற்றில் நாம் துணி விடுகிறோம்.

பாபநாசநாதரைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று காரையார் பஸ்ஸில் ஏறினோம். சொரிமுத்தய்யனார் கோயில் காட்டுக்குள் இருக்கிறது. களக்காடு, முண்டந்துறை இரண்டு சரணாலயங்களையும் சேர்த்து 1988இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்களே, அதற்குள். செக்போஸ்ட்டில் ஏறிய வனத்துறைக்காரர் ஒவ்வொரு பையாகப் பிரித்துப் பிளாஸ்டிக் தேடினார். முன் சீட்டில் இரண்டு பெரியவர்கள் “டேம் எவ்வளவு நிக்கி?” என்று தொடங்கி அணைக்கட்டுப் பேச்சிலேயே இருந்தார்கள். பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி. திருநெல்வேலிக்காரர்கள் எங்கே சந்தித்தாலும் அதைப் பற்றிப் பேசாமல் பிரிய மாட்டார்கள்.

அய்யனாரைக் கும்பிட்டோம். சங்கிலி பூதத்தார், பேச்சியம்மன், தளவாய் மாடன் என்று ஒவ்வொருவராகக் கும்பிட்டுக்கொண்டு போனோம். கட்டிய மணியைத் தன் பட்டைக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும் இலுப்பை மரத்தையும் பார்த்தோம். மணி விழுங்கி மரம் என்றே அதற்குப் பெயர். ஆனால் நான் வந்தது பட்டவராயனைப் பார்க்க.

எல்லாக் கோயிலிலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போவோம். பட்டவராயனுக்குச் செருப்புதான் காணிக்கை. எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றது. தகப்பனார் தன் காலில் கிடந்ததைத் தூரத்தில் கழற்றிவிட்டு, புதுத் தோல் செருப்பு ஜோடி ஒன்றைப் பூத்தட்டு ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். சந்தன குங்குமம் எல்லாம் வைத்திருந்தார்கள். மாட்டியிருக்கிற செருப்புகளை அடுத்த வருஷம் எடுத்துப் பார்த்தால் அடி தேய்ந்திருக்குமாம். ராத்திரியில் பட்டன் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுகிறான் என்று நம்பிக்கை. தொங்கியதில் ஒன்றை அண்ணாந்து பார்த்தேன். குதிகால் பக்கம் ஒருச்சாய்த்துத் தேய்ந்திருந்தது, வலது கால் ஊன்றி நடக்கிறவருடையது போல. “தேஞ்சதைக் கொண்டு வந்து மாட்டிருப்பாங்களோ?” என்றார் இவர். பதில் சொல்லவில்லை.

முத்துப்பட்டன்தான் இந்தப் பட்டவராயன். அவன் கதை இந்தப் பக்கத்து வில்லுப்பாட்டில் பிரசித்தம். அண்ணன்மாருக்கெல்லாம் கடைசித் தம்பியாகப் பிறந்த பிராமணப் பையன். இந்த மலைக்காட்டில் நடந்து வரும்போது எங்கிருந்தோ இரண்டு பெண்கள் பாடுகிற சத்தம் கேட்கிறது. பொம்மக்கா, திம்மக்கா. அருந்ததியர் குடியில் வாலப்பகடை வளர்த்த மக்கள். முகத்தைப் பார்க்கும் முன்பே பாட்டில் விழுந்துவிட்டான். பெண் கேட்டுப் போனவனிடம் வாலப்பகடை, குடுமியை எடு, பூணூலைக் கழற்று, தோல் பதப்படுத்தி உன் கையால் செருப்புத் தைத்துக்கொண்டு வா என்றான். அண்ணன்மார் தடுத்துப் பார்த்தார்கள். நடக்கவில்லை. செருப்பும் கையுமாகப் போய் நின்றான், கல்யாணம் ஆயிற்று. மாலை வாடவில்லை, கிடை மாடுகளைத் திருடர் கூட்டம் ஓட்டிப் போகிறது என்று சேதி வருகிறது. போனான், ஜெயித்தான், ஓடையில் ரத்தத்தைக் கழுவக் குனிந்தபோது ஒளிந்திருந்த ஒருவன் முதுகில் குத்திவிட்டான். அந்தப் பெண்கள் சிங்கம்பட்டி ராஜாவிடம் போய் உத்தரவு கேட்டுத் தீயில் இறங்கினார்கள். இன்றைக்கு மூன்று பேரும் சாமி. சிங்கம்பட்டியின் கடைசி ராஜா முருகதாஸ் தீர்த்தபதி 2020இல் காலமானார். அதுவரைக்கும் ஆடி அமாவாசைக்கு அவர் ராஜ உடையில் இங்கே வந்து உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள்தான், வாலப்பகடை காட்டில் கண்டெடுத்து வளர்த்தான் என்று கதையைத் திருப்பிப் பாடுகிறவர்களும் உண்டு. பட்டன் குடுமியை எடுத்தது பாட்டைக் கேட்டு. பிறப்பை விசாரித்துவிட்டா எடுத்தான்? அப்படிப் பாடினால் அவன் தைத்த செருப்புக்கு என்ன மரியாதை?

பொம்மக்கா, திம்மக்காவுக்குக் கண்ணாடி வளையலும் கதம்பமும் வாங்கிப் போயிருந்தேன். கொடுத்துவிட்டு ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். சாயங்காலத்துக்குள் காட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். பஸ் முக்கால் மணி தாமதம்.

பாபநாசத்தில் கூட்டம் இல்லை. ஐயாவைப் பார்த்துவிட்டு உலகம்மை முன்னால் போய் நின்றேன். உரலில் ஒரு பெண் மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா தெறித்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும் ஓங்கித்தான் குத்தினாள். மெதுவா என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவளுக்கு என்ன கோபமோ.

அம்மன் அன்றைக்கு அரக்குக் கரை வைத்த பச்சைப் புடவையில் இருந்தாள். தீபாராதனை வெளிச்சத்தில் புடவை மடிப்பைத்தான் கவனித்தேன். வெள்ளை இல்லை, கறையும் இல்லை. விபூதி, மஞ்சள் வாங்கிக்கொண்டு அர்த்தசாமம் வரைக்கும் பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தோம். மணி அடித்து நடை சாத்தினார்கள். பெரிய கதவு மூடுகிற சத்தம் அடங்கியதும் ஆற்றுச் சத்தம் கேட்டது, அதுவரைக்கும் ஆறு ஓடாதது மாதிரி.

வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. வேண்டாம் என்று நடந்தோம். வி.கே.புரத்துக்கு, அதாவது கவிராயரின் விக்கிரமசிங்கபுரத்துக்கு, முக்கால் மணி நேர நடைதான். இப்போது தார் ரோடு, லைட்டுக் கம்பம், எதிரே வருகிற பைக்கின் வெளிச்சம் எல்லாம் உண்டு. ஆனாலும் இரண்டு கம்பத்துக்கு நடுவில் நல்ல இருட்டு.

இவரை முன்னால் நடக்கச் சொல்லிவிட்டு நான் பத்தடி பின்னால் வந்தேன்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் இவர் முகத்தை முதலில் பார்க்கவில்லை. அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். கை கழுவப் புறவாசலுக்குப் போனவர், யாரும் இல்லை என்று நினைத்து எதையோ முணுமுணுத்தார். ராகம் தெரியாத எனக்குக்கூடச் சுருதி விலகுவது தெரிந்தது. காபியை இன்னும் இரண்டு ஆற்று ஆற்றினேன். அதற்கப்புறம்தான் முகம், வேலை, சம்பளம் எல்லாம்.

பின்னால் நடந்தால் என்ன தெரியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். முதுகு தெரிகிறது. பிடரியில் வெட்டாமல் விட்ட முடி, வியர்வையில் ஒட்டிய சட்டை, இடது தோள் கொஞ்சம் இறங்கினாற்போல. கவிராயரின் முகத்தைச் சந்நிதியில் தினமும் பார்த்திருப்பாள், கும்பிடுகிற முகம். எல்லாரும் காட்டுகிற முகம்தானே அது? ரோட்டில் பாடிக்கொண்டு போகிற முதுகு அவளுக்கு மட்டும் கிடைத்தது. அவர் திரும்பியிருந்தால் உடனே கையைக் கூப்பியிருப்பார். பாட்டு நின்றுபோயிருக்கும்.

பாதி தூரத்தில் இவர் முணுமுணுக்க ஆரம்பித்தார். அதே விலகல். நான் செருப்புச் சத்தம் கேட்காமல் கால் வைத்தேன். கொஞ்ச தூரம் அப்படியே போனோம்.

“ஏன் பின்னாடியே வர்ற? கால் வலிக்குதா?”

“இல்ல, நீங்க நடங்க. திரும்பாதீங்க.”

திரும்பவில்லை. ஆனால் பாட்டு நின்றுவிட்டது. நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

வி.கே.புரத்தில் ஒரு டீக்கடை திறந்திருந்தது. பாய்லருக்குப் பக்கத்தில் நின்ற அண்ணாச்சி எங்கள் நெற்றி விபூதியைப் பார்த்தார்.

“கோயில்லருந்து நடந்தா வாரிய?”

“ஆமா அண்ணாச்சி.”

“இந்த இருட்டுலயா? பின்னால ஏதும் வந்துச்சா?”

இவர் என்னைப் பார்த்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

“கரடி நடமாட்டம் இருக்குல்லா, அதான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு அவர் டீ ஆற்றப் போனார்.