கொசு பிடிக்கும் என்று நம்பி வாங்கிய செடி

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நர்சரியில், பூச்சிகளைக் குடுவையில் விழவைத்துத் தின்னும் இந்தக் குடுவைச் செடியை வாங்கியபோது, வீட்டுக் கொசுத் தொல்லைக்கு இது ஒரு வழி பண்ணும் என்றுதான் நினைத்தேன். சிரிக்காதீர்கள். காட்டில் இதன் குடுவைத் தண்ணீரிலேயே புழுவாக வளரும் கொசு இனங்கள் உண்டு என்று பிறகுதான் படித்தேன். இதில் அதிகம் விழுவது எறும்புதான்.

வாங்கும்போது எட்டுக் குடுவைகள் தொங்கின. இரண்டு மாதத்தில் ஒவ்வொன்றாகக் காய்ந்து போயின. புது இலை வரும், இலை நுனியில் கொடி மாதிரி ஒன்று நீளும் (அதன் முனை உப்பித்தான் குடுவையாகிறது, அது பூ இல்லை), அப்புறம் கடுகளவு மொட்டோடு நின்று கருகிவிடும். பசியாக இருக்குமோ என்று அம்மா செத்த ஈயையெல்லாம் எடுத்து, மிச்சமிருந்த ஒரே குடுவைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். நான் என் பங்குக்கு உரம் வைத்தேன். அது இன்னும் மோசம். சத்தில்லாத மண்ணிலேயே இருந்து பழகிய வேர், உப்பு ஏறினால் தாங்காது.

குறை சாப்பாட்டில் இல்லை, வெளிச்சத்தில். வடக்குப் பார்த்த ஜன்னல் நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், செடிக்கு அது அரை இருட்டு. பால்கனியில் வைக்கலாம் என்றால் சென்னை மே மாத அனல். சரி, விளக்கு என்று முடிவு செய்து முதலில் ஊதா நிற விளக்கு ஒன்றை வாங்கி மாட்டினேன், ஹால் ஆர்க்கெஸ்ட்ரா மேடை மாதிரி ஆகிவிட்டது, ஒரே வாரத்தில் கழற்றிவிட்டேன். இப்போது இருப்பது கடையில் கிடைக்கும் சாதாரண 20 வாட் வெள்ளை எல்இடி ட்யூப்கள் இரண்டு, இலைக்கு ஒரு அடி மேலே, டைமர் வைத்துத் தினம் 13 மணி நேரம். தூரம் முக்கியம். அதே விளக்கைக் கூரையில் மாட்டினால் செடிக்கு ஒன்றுமே போய்ச் சேராது. மூன்றாவது மாதம் புது இலைகளில் லேசாகச் சிவப்பு ஏறியது, வெளிச்சம் போதும் என்பதற்கு அதுதான் அடையாளம், அடுத்த இலையிலேயே குடுவை வந்துவிட்டது.

என்னிடம் இருப்பது வென்ட்ராட்டா என்ற கலப்பினம், நம் ஊர்ச் சூட்டை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். போர்னியோவின் உயரமான மலைகளில் வளரும் ராஜா வகையின் படத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், அதற்கு ராத்திரி ராத்திரி குளிர் வேண்டும், கரண்ட் பில் கட்டி மாளாது.

அடுத்து தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 900-க்கு மேல். ஆர்ஓ ஊற்றினால் போதும் என்று நினைத்தேன், சில மெஷின்கள் வடிகட்டிய பிறகு தாது உப்பைத் திரும்பக் கலந்துவிடுகின்றன, எங்கள் வீட்டு மெஷினும் அந்த ரகம்தான். கடைசியில் கை கொடுத்தது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். மீட்டர் வைத்துப் பார்த்தால் 20-ஐத் தாண்டவில்லை. தொட்டியில் இருப்பது ஸ்பேக்னம் பாசியும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல் துகளும்தான், ஈரமாக இருக்க வேண்டும், தேங்கக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் ஏசி ஓடாது, அப்போது மொட்டை மாடியில் பக்கெட் வைத்து மழைத் தண்ணீர் பிடிக்கிறேன். அதிலும் இப்போது பாதிதான் செடிக்கு வருகிறது. இந்தத் தண்ணீரில் பருப்பு பூவாக வேகிறது என்று அம்மா கண்டுபிடித்துவிட்டார்.