இப்போதெல்லாம் ஏறுவதே இல்லை

நான் 24 வயதிலிருந்து 31 வயது வரை கஞ்சா புகைத்தவன். முதல் ஓராண்டு சனிக்கிழமைகளில் மட்டும், பிறகு வாரத்தில் மூன்று நாள், கடைசி நான்கு ஆண்டுகள் அன்றாடம். விட்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இது தெரிந்த தம்பி வயதுப் பையன்கள் சிலர் என்னிடம் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: "எனக்கெல்லாம் இப்ப ஏறறதே இல்லண்ணா." சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும், தேர்ந்த குஸ்திக்காரன் தன் தோளைத் தட்டிக்கொள்வதுபோல. நானும் ஒரு காலத்தில் அதே குரலில் அதைச் சொன்னவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் ஆண்டில் நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஏற்காட்டில் ஒரு நண்பன் வீட்டு மொட்டைமாடியில், டிசம்பர் குளிரில், இரண்டு மூன்று இழுப்புக்கே நாக்கு உலர்ந்து, நெஞ்சு படபடத்து, கீழே சேலம் நகரத்தின் விளக்குகள் தனித்தனியாக எண்ணிவிடலாம் போலத் தெரிந்தன. ஐந்து நிமிடம் அரை மணி நேரமாக நீண்டது. மறுநாள் மலையிறங்கி வந்து மூன்று தட்டுவடை செட் தின்றும் பசி அடங்கவில்லை. சிரிப்புக்குக் காரணமே தேவைப்படவில்லை. ஒரு பொட்டலம் இரண்டு வாரத்துக்கு வந்தது.

மூன்றாம் ஆண்டில் அதே பொட்டலம் மூன்று நாளைக்குக் காணவில்லை. சரக்கு மட்டம் என்று விற்பவனைத் திட்டினோம், வேறு ஆளிடம் வாங்கினோம், அவனையும் திட்டினோம். மாறியது சரக்கல்ல, நாங்கள்தான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

பின்னாளில் ஒரு மனநல மருத்துவர் எனக்கு விளக்கியதையும், அதன்பின் நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கஞ்சாவில் போதையைத் தரும் டி.எச்.சி. என்ற பொருளை 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலம், யெஹியேல் கயோனி என்ற இருவர் தூய நிலையில் பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள். அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது 1988-இல்தான் தெரிந்தது. அந்த இடத்துக்கு சி.பி.1 ஏற்பி என்று பெயர். நம் மூளை கஞ்சாவுக்காக ஏற்பி செய்து வைத்திருக்காது அல்லவா, ஆகவே உடலிலேயே சுரக்கும் ஏதோ ஒன்று அங்கே ஒட்ட வேண்டும் என்று தேடி, 1992-இல் அதையும் கண்டுபிடித்து, ஆனந்தம் என்ற நம் நாட்டுச் சொல்லை வைத்தே 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டார்கள். பசி, தூக்கம், நினைவு, பதற்றம் ஆகியவற்றை அளவோடு வைத்திருப்பதில் இந்த ஏற்பாட்டுக்குப் பங்கு உண்டு. ஆனந்தமைடு வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு சுரந்து, சில நிமிடங்களில் சிதைந்துவிடும். டி.எச்.சி.யோ மூளை முழுவதும் பரவி, மணிக்கணக்கில் அந்த ஏற்பிகளை அழுத்திக்கொண்டே இருக்கும்.

அன்றாடம் இப்படி அழுத்தினால் நரம்பணு என்ன செய்யும்? ஏற்பிகளின் கூர்மையைக் குறைத்துக்கொள்ளும். பிறகு அவற்றில் ஒரு பகுதியை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அழைப்பு மணியை ஓயாமல் அடிக்கும் வீட்டில் மணியின் கம்பியைக் கழற்றி வைப்பதுபோல. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்தோறும் புகைப்பவர்களின் மூளையைப் படமெடுத்தபோது புறணி எனப்படும் வெளி அடுக்கில் இந்த ஏற்பிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. ஏறக்குறைய நான்கு வாரம் புகைக்காமல் இருந்தபின் மறுபடி எடுத்த படத்தில், நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸ் தவிர மற்ற இடங்களில் அவை பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தன. "ஏறுவதில்லை" என்பதன் பொருள் இதுதான்: மன உறுதியுமில்லை, அனுபவ முதிர்ச்சியுமில்லை, கழற்றி வைத்த கம்பி.

கம்பியைக் கழற்றிய வீட்டில் உண்மையான விருந்தாளி வந்து மணியடித்தாலும் கேட்காது. இதைத்தான் நான் நெடுநாள் புரிந்துகொள்ளவில்லை. ஐந்தாம் ஆண்டுக்குள் புகைத்தால் சிரிப்பு வருவது நின்றுபோயிருந்தது; ஆனால் புகைக்காவிட்டால் பசியில்லை, தூக்கமில்லை, எதிரில் வருபவர்மேல் எல்லாம் எரிச்சல். அம்மா மத்தியானச் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, "ஏன் கண்ணு, ரெண்டு வாயோட எந்திரிக்கிற?" என்று கேட்பார். வெளியே போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிடுவேன். அம்மாவுக்குப் புரியாமல் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். முதல் ஆண்டில் கஞ்சா எனக்குப் பசியைக் கூட்டியது; ஐந்தாம் ஆண்டில் எல்லோருக்கும் இயல்பாக எடுக்கும் பசியை எனக்குக் கடனாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

எல்லா விளைவும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெஞ்சுப் படபடப்பு விரைவில் பழகிப்போகும், கிறக்கமும் மங்கும். என் மறதி மட்டும் அந்த அளவுக்கு மங்கவில்லை. நான் அப்போது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் ஆளுக்கும் எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், எத்தனை கிராம் வேலையாகத் திரும்பியது, சேதாரம் எவ்வளவு என்பதுதான் என் வேலையின் முழுமையும். ஏறவே இல்லை என்று நான் உறுதியாக நம்பிய ஒரு நாளில், ஒரே எடையை இரண்டு பேர் பெயரில் எழுதிவிட்டு, மாலையில் 212 கிராம் வெள்ளியைக் காணோம் என்று வேலை செய்பவர்களைச் சந்தேகப்பட்டேன். அவர்களில் ஒருவர் என் அப்பா வயது. அந்த நாளை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சில விளைவுகள் காலப்போக்கில் நேர்மாறாகவே திரும்பிவிடுவதும் உண்டு. குமட்டலை அடக்குவதாகப் பெயர்பெற்ற இதே பொருள், பல ஆண்டுகள் தொடர்ந்து புகைப்பவர்களில் சிலருக்கு ஓயாத வாந்தியை உண்டாக்குகிறது. வெந்நீரில் குளித்தால் அது சற்றுத் தணிகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து 2004-இல் இதை முதன்முதலாக விரிவாக எழுதினார்கள். நம் ஊரில் இதைப் பித்தம் என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் கொடுப்பார்கள், அல்லது அல்சர் என்று மாத்திரை வாங்குவார்கள். அந்த வாந்தியை நிற்க வைப்பது கஞ்சாவை விடுவது ஒன்றுதான்.

பழகிவிட்டதால் ஆபத்தும் குறைந்துவிட்டது என்று எண்ணுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. புதிதாக வருபவர் ஐந்தாவது வளைவுக்குள் எலுமிச்சம்பழத்தை முகரத் தொடங்கிவிடுவார். நடத்துநரோ கம்பியைக்கூடப் பிடிக்காமல் நின்று சில்லறை எண்ணுவார். அவருக்குத் தலை சுற்றுவதில்லை என்பதால் பள்ளத்தின் ஆழம் ஓரடியும் குறைந்திருக்காது. மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு, எப்போதோ ஒருமுறை தொடுபவர்களைவிட வீரியமுள்ள சரக்கை நாள்தோறும் புகைப்பவர்களிடமே கூடுதலாக இருப்பதாக ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாள்தோறும் புகைப்பவர் யார்? ஏறவில்லை என்று சொல்பவர்தான்.

விட்டபோது என்ன நடந்தது என்பதையும் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். வழக்கு ஏதாவது வருமோ என்ற பயத்தில் இரண்டு ஆண்டுகள் மருத்துவரிடம் போகாமலே இருந்தேன். சிறிதளவு கஞ்சா வைத்திருப்பதற்கே ஓராண்டு வரை சிறை என்பது உண்மைதான்; ஆனால் அதே 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், தாமாகச் சிகிச்சைக்கு முன்வருபவர்களுக்குப் பாதுகாப்பளிக்கும் 64ஏ என்ற பிரிவும் இருக்கிறது. போதையிலிருந்து மீள உதவி கேட்டு 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். மருத்துவர் என்னிடம் சொன்ன கால அட்டவணை ஏறக்குறைய அப்படியே நடந்தது: இரண்டாம் நாள் வியர்வையும் எரிச்சலும், முதல் வாரத்தில் அவற்றின் உச்சம், மூன்றாம் வாரத்தில் பசி திரும்புவது. நான் எதிர்பாராதது கனவு. ஆண்டுக்கணக்கில் எனக்குக் கனவே வந்ததாக நினைவில்லை. நிறுத்திய ஐந்தாம் நாளிலிருந்து இரவு முழுக்கக் கனவுகள், விழித்தபின்னும் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அளவுக்குத் துல்லியமாக. ஒன்றில் அப்பா வயது மதிக்கத்தக்க அந்தக் கொலுசுத் தொழிலாளி தராசுடன் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

என்னோடு சேர்ந்து விட்ட நண்பன் ஒருவன் நான்கு மாதம் கழித்து ஒரு மாலை ஏற்காட்டில் பழைய ஆட்களைச் சந்தித்து, பழைய அளவையே புகைத்திருக்கிறான். கழற்றி வைத்த கம்பிகள் எல்லாம் அதற்குள் திரும்ப மாட்டப்பட்டிருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைத்தான். நான் போய்ச் சேர்ந்தபோது, ஒரு வளைவின் கைப்பிடிச் சுவரோரம் வண்டியை நிறுத்திவிட்டு, தன் மணிக்கட்டைத் தானே பிடித்து நாடித் துடிப்பை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கை சில்லிட்டிருந்தது. செத்துப்போய்விடுவேனா என்று நான்கு முறை கேட்டான். பிறகு தலையைத் தூக்கி, "மச்சி, நாம இப்ப ஏறிட்டிருக்கோமா, எறங்கிட்டிருக்கோமா?" என்றான். அவன் வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு, அவனை என் பின்னால் உட்கார வைத்து, அடிவாரம் வரை இருபது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினேன். வழிநெடுக என் இடுப்பைப் பிடித்திருந்த கையை அவன் எடுக்கவே இல்லை.