‘அம்மம்மா’வில் நாலு ‘ம’

மார்க்கரால் வரைந்து நான் செய்துவரும் துள்ளல் எழுத்துருவில் (கையெழுத்துபோல் எழுத்துகள் ஏறி இறங்கி நிற்பது) ஒருவழியாக ‘அம்மம்மா’ சரியாக விழுகிறது. அந்த ஒரு சொல்லில் நாலு ‘ம’. நாலும் அச்சொட்டாக ஒரே மாதிரி இருந்தால் கையெழுத்து என்று ஒருவரும் நம்பமாட்டார்கள்; இறப்பர் முத்திரை குத்தியதுபோல் கிடக்கும். ஆகவே அடிக்கடி இரட்டிக்கும் க, த, ப, ம நான்குக்கும் மும்மூன்று வடிவம்: ஒன்று நேராக, ஒன்று அடிக்கோட்டுக்கு 25 அலகு மேலே, மற்றது 15 அலகு கீழே, சற்றுச் சாய்வாக. எழுத்துருவின் முழு அளவுச் சதுரமான ‘எம்’ 1000 அலகு.

விதி சின்னது. பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவத்தை மாற்றும் ‘கால்ட்’ (calt) வசதியில் ம-வுக்குப் பின் ம வந்தால் இரண்டாம் வடிவம், இரண்டாவதுக்குப் பின் வந்தால் மூன்றாவது. ‘மம’ என்று அடித்தால் மாறியது, ‘அம்மா’ என்றால் அசையவில்லை. காரணம் குற்று, அதாவது மெய்யெழுத்தின் மேற்புள்ளி. இரண்டு ம-வுக்கும் நடுவே அது தனி உருவாக நிற்பதால் விதி அதைத் தாண்டிப் பார்ப்பதில்லை. எழுத்துரு செய்யும் மென்பொருளான ஃபொன்ட்ஃபோர்ஜில் குற்றின் வகையை ‘மார்க்’ (எழுத்தோடு ஒட்டும் குறி) ஆக்கி, அந்த விதி இருக்கும் லுக்கப்பில் ‘இக்னோர் கொம்பைனிங் மார்க்ஸ்’ பெட்டியில் சரி போட்டதும் வழிக்கு வந்தது. ‘ம்’மை ஒரே துண்டாக வரைந்து வைத்திருந்தால் இது பலிக்காது. குற்றைத் தனியே வைத்து ஒட்டும் இடத்தைக் காட்டும் நங்கூரப் புள்ளியால்தான் பொருத்த வேண்டும், அதுவும் மூன்று வடிவத்துக்கும் வேறு வேறு இடத்தில். மேலே ஏறிய ம-வில் இதை மறந்தால் குற்று தலையில் இடிக்கும்.

‘மாமா’ வேறு கதை. அரவு (‘ா’) மார்க் அல்ல. அரவு இடையில் வரும்போதுள்ள விதியைத் தனியே எழுத வேண்டும். அரவைத் துள்ளவிடவும் கூடாது. கொஞ்சம் சாய்ந்து வால் நீண்டாலே ‘ர’ என்று வாசிப்பார்கள்.

எழுத்துகளை வரைய 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்குக் கிராம்) தாள் வேண்டவே வேண்டாம். மார்க்கர் மை ஊறி ஓரம் மயிர்மயிராகப் பிரியும். ஸ்கான் செய்த படத்தைக் கணினியில் கோட்டுருவாக ட்ரேஸ் பண்ணும்போது ஒவ்வொரு மயிரும் தேவையில்லாத புள்ளிகளாகிவிடும். கொழும்பு புறக்கோட்டை மலிபன் வீதிக் கடைகளில் வழவழப்பான 160 ஜிஎஸ்எம் மட்டை கேட்டு வாங்குங்கள். ஸ்கான் 600 டிபிஐ.

எங்கே பொருந்தும்? கேக் பெட்டி, பிறந்தநாள் அட்டை, ஜூஸ் கடை விலைப்பட்டியலின் தலைப்பு. எழுத்தளவை 24 பொயின்ற்றுக்குக் கீழே இறக்காதீர்கள், வரி இடைவெளி 1.4 மடங்கு விடுங்கள். முகவரி, மருந்துக் குறிப்பு, மும்மொழிப் பெயர்ப்பலகையில் சிங்களத்துக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் தமிழ் வரி ஆகியவற்றுக்கு ஆகாது. அங்கே துள்ளல் அழுக்காகத்தான் தெரியும்.

யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியிலேயே வேலை செய்யும் அச்சகங்களுக்கு எழுத்துருக் கோப்பைக் கொடுக்காமல், எழுத்தை ‘கேர்வ்’ (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிப் பிடிஎஃப் கொடுப்பதே பாதுகாப்பு. பழைய ஃபோட்டோஷொப் பதிப்புகளில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ தெரிவு போடாவிட்டால் ‘கெ’யின் கொம்பு பின்னால் போய் நிற்கும்.

ஜ, ஷ, ஸ, ஹ இன்னும் வரையவில்லை. அதற்குள் தடித்த வடிவத்துக்கு 8 மில்லிமீற்றர் சப்பை முனை மார்க்கர் தேடல் தொடங்கிவிட்டது.