மகனுக்குச் சரியான அளவைக் கண்டுபிடித்த மூன்று மாதம்

எட்டு வயது மகனுக்கு ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல், அளவுக்கு மீறித் துறுதுறுவென்று இருக்கும் நிலை) என்று உறுதியாகி, டாக்டர் அதற்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரை தரலாம் என்றபோது எனக்குப் பயம்தான் முதலில் வந்தது. "பழக்கமாகிவிடுமா டாக்டர்?" என்று கேட்டேன். மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அந்த வாய்ப்பு குறைவு, ஆனால் தவறாகப் பயன்படுத்தினால் அடிமையாக்கும், அதனால் பூட்டி வைத்து உங்கள் கையாலேயே கொடுங்கள் என்றார். எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இதயக் கோளாறால் இறந்திருக்கிறார்களா என்று இரண்டு முறை கேட்டார்.

காலையில் 5 மில்லிகிராம், மதியம் 5 மில்லிகிராம் என்று ஆரம்பித்தோம். போட்டு அரை மணி, முக்கால் மணியில் வேலை செய்யத் தொடங்கும். நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். முதல் வாரமே, "அம்மா, டீச்சர் சொன்னது முழுசா காதுல விழுந்துச்சு" என்றான். அன்று நான் அழுதுவிட்டேன்.

சிரமங்களும் வந்தன. பசி குறைந்து, மதியச் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வந்தது. அதனால் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகே மாத்திரை, இரவில் பசி திரும்பியதும் இன்னொரு நல்ல சாப்பாடு என்று மாற்றினோம். மருந்து இறங்கும் மாலை நேரத்தில் காரணமே இல்லாமல் அழுவான், கத்துவான். மதிய மாத்திரை தாமதமானால் தூக்கமும் போய்விடும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதி வைத்தேன். அது இல்லாமல் டாக்டரிடம் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

படிப்படியாகக் கூட்டி, ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் ஆனபோது பள்ளியில், "ரொம்ப அமைதியாயிட்டான், இப்படியே இருக்கட்டும்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எழுதும்போதெல்லாம் முணுமுணுவென்று பாடுகிற பிள்ளை, பாட்டை நிறுத்தியிருந்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். நகத்தோரச் சதையைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். நோட்டைப் பார்த்ததும் டாக்டர், "அவன் அடங்கி இருக்கறதுக்காக இந்த மருந்து இல்லம்மா, அளவு கூடிப்போச்சு" என்று 10-க்குக் குறைத்தார்.

முதலில் ஒரு கிலோ இறங்கிய எடை அப்புறம் மெல்ல ஏறியது. வளர்ச்சி கொஞ்சம் மந்தப்படலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளக்கிறோம். அந்தக் கவலை இன்னும் என்னிடம் இருக்கிறது.

இப்போது கணக்குப் போட்டுக்கொண்டே பாடுகிறான். நோட்டில் அதற்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறேன்.