பீர்க்கு பூக்கும் நேரமும் மருந்தடிக்கும் நேரமும்

பந்தலில் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழுந்தால், கடைக்குப் போய் ஒரு பூச்சிமருந்தும் ஒரு டானிக்கும் வாங்கி வருவதுதான் வழக்கம். அதற்கு முன் விழுந்த பிஞ்சைப் பிளந்து பாருங்கள். மேல்தோலில் ஊசி குத்தினாற்போல் துளை, அதில் பிசின், உள்ளே வெள்ளைப் புழு என்றால் பழ ஈ. எதுவுமே இல்லாமல் சுருங்கி மட்டும் இருந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை. காய் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் சூம்பினால், மகரந்தம் வந்தும் போதவில்லை என்று சந்தேகிக்கலாம்.

உறுதிசெய்ய ஒரு சோதனை. ஆண்பூ ஒன்றைப் பறித்து இதழ்களைக் கிள்ளிவிட்டு, பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் எல்லாப் பக்கமும் படும்படி தடவுங்கள். தொட்டால் விரலில் மஞ்சள் தூள் ஒட்டவேண்டும். ஒட்டாத பூ பயன்படாது. ஓர் ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூவுக்கு வரும். இப்படிப் பத்துப் பூவில் நூல் கட்டி, பக்கத்திலேயே பத்தைச் சும்மா விடுங்கள். ஒரு வாரத்தில் நூல் கட்டியவை நின்று மற்றவை விழுந்தால், பூச்சி வரவில்லை என்று அர்த்தம். இரண்டுமே விழுந்தால் வெயில், தண்ணீர், சத்து என்று தேடவேண்டும்.

நேரம் முக்கியம். பாகலும் பரங்கியும் விடிகாலையில் விரியும். பீர்க்கு, புடல், சுரை சாயங்காலம் 5 மணிக்கு மேல்தான் விரியும். இரவில் அந்துப்பூச்சிகளும் அவற்றைத் தேடி வரும். 'தேனீ கூட்டுக்குத் திரும்பியபின் மாலையில் மருந்தடி' என்ற அறிவுரை பாகலுக்கும் பரங்கிக்கும் சரி. பீர்க்கம்பந்தலில் மாலை 6 மணிக்கு அடித்தால், அப்போதுதான் விரிந்த பூவுக்குள்ளேயே மருந்து விழும். அங்கே அடித்தே ஆகவேண்டுமென்றால் உச்சிவெயில் தணிந்த பிற்பகல் 3 மணிவாக்கில், முந்தைய நாள் பூ வாடி அடுத்த பூ விரியும் முன் அடிப்பது மேல்.

இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் போன்ற ஊடுருவும் மருந்துகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. எப்போது கொடுத்தாலும் சாற்றோடு ஏறித் தேனிலும் மகரந்தத்திலும் வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இவற்றைத் திறந்தவெளிப் பயிருக்குத் தடை செய்தது. பூக்கும் பந்தலுக்குச் சொட்டுநீரில் இவற்றைக் கலந்துவிடுவதுதான் எனக்குத் தெரிந்து மிக மோசமான பழக்கம். டப்பாவிலுள்ள நீல, பச்சை முக்கோணத்தைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அந்த நிறம் சொல்வது மனிதனுக்கான நச்சளவை, தேனீக்கானதை அல்ல.

பழ ஈக்குக் கியூலூர் பொறி (ஆண் ஈயை மணத்தால் இழுக்கும் மருந்து வைத்தது) போதுமா? அதில் ஆண் ஈ மட்டுமே சிக்கும். பூக்கும் முன்பே கட்டி, விழுந்த சொத்தைக் காயைத் தினம் பொறுக்கி ஆழமாகப் புதைத்தால்தான் பலன். பழைய கையேடுகளில் வரும் கருவாட்டுப் பொறியில் டைக்குளோர்வாஸ் என்ற பூச்சிமருந்தைச் சேர்க்கச் சொல்லியிருக்கும். அது இந்தியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது.

யூரியாவையும் சொல்லவேண்டும். அதிகம் போட்டால் கொடி தழைத்து இலையாகவே போகும், பெண்பூ குறையும். இளந்தழைக்கு அசுவினியும் வெள்ளை ஈயும் வரும், மறுபடி மருந்து. செடி எடுக்காத தழைச்சத்தில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமிலவாயுவைவிடச் சுமார் 273 மடங்கு வெப்பம் பிடிக்கும். பிரித்துப் பிரித்துப் போடுங்கள், ஒரேயடியாகக் கொட்டவேண்டாம்.

பந்தலுக்கு அண்ணாந்துதான் மருந்தடிக்கிறோம். நீர்த்துளி அத்தனையும் அடிப்பவர் முகத்திலும் கழுத்திலும் இறங்குகிறது. முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் உள்ளே போகக்கூடாது. பாகல் காய்ப்பு உச்சத்தில் வாரம் இரண்டு பறிப்பு இருக்கும். டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள், அதாவது மருந்தடித்தபின் காய் பறிக்காமல் விடவேண்டிய நாள், அந்த இடைவெளியைவிட அதிகமென்றால், அந்த மருந்து காய்ப்பில் இருக்கும் பந்தலுக்கு ஆகாது.