காங்கிரீட் போடுவதற்கு முன்னால் ரிங்கைப் பாருங்கள்: நிலநடுக்கம் தாங்கும்படி வீடு கட்டிய அனுபவம்

சென்னையில் வீடு கட்டுகிறவர்களிடம் நிலநடுக்கம் என்று பேச்செடுத்தாலே "நம்ம ஊருக்கு அதெல்லாம் வராதுங்க" என்பார்கள். ஆனால் 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஒன்று வந்தது, சென்னையிலும் உணர்ந்தோம். 2002-ல் நிலநடுக்கத்துக்கான இந்தியக் கட்டுமான விதியான ஐஎஸ் 1893-ஐத் திருத்தியபோது, ஆபத்து குறைந்த இரண்டாவது மண்டலத்திலிருந்த சென்னையை அதைவிட ஆபத்து கூடுதலான மூன்றாவதுக்கு ஏற்றிவிட்டார்கள். மூன்றாவது மண்டலத்தில் கம்பி கட்டுவதற்கென்றே தனி விதி இருக்கிறது, ஐஎஸ் 13920. தாம்பரம் பக்கம் கீழ்த்தளமும் ஒரு மாடியுமாக வீடு கட்டும்போது அதன்படிதான் கட்டுவது என்று தீர்மானமாக இருந்தேன்.

முதல் வேலை, பிளான் அப்ரூவலோடு நிற்காமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைத் தனியாகப் பிடித்தது. மண் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் டிராயிங்கையே ஆரம்பித்தார். கீழே முழுக்கத் தூண் மட்டும் விட்டு கார் நிறுத்த நினைத்திருந்தோம், அதை வேண்டாம் என்றார். 2001 ஜனவரி குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிக தூரத்தில் இருந்த அகமதாபாத்திலேயே அப்படிக் கட்டிய அடுக்குமாடிகள் விழுந்தன. மேலே சுவர்கள் விறைப்பாக நிற்க, கீழ்த்தளத் தூண்கள் மட்டும் மொத்த ஆட்டத்தையும் வாங்கிக்கொள்ளும். சரி என்று காரை முன்பக்கக் காலியிடத்துக்கு மாற்றிவிட்டோம். வழக்கமான ஒன்பது அங்குலத் தூணும் போய், குறைந்தது 300 மில்லிமீட்டர் என்று ஆனது.

அப்புறம்தான் உண்மையான வேலை. தூணின் செங்குத்துக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற கம்பி வளையமான ரிங்கின் இரண்டு முனைகளையும் 135 டிகிரிக்கு உள்பக்கமாக மடக்கி, காங்கிரீட்டின் நடுப்பகுதிக்குள் போகும்படி விட வேண்டும். சாதாரணமாக 90 டிகிரியில் நிறுத்திவிடுவார்கள், அது சீக்கிரம் முடிகிற வேலை. ஆனால் கட்டடம் ஆடும்போது வெளிப்பக்கக் காங்கிரீட் உதிர்ந்தால் அந்தக் கொக்கி பிரிந்துவிடும், பிடிப்பு இல்லாத செங்குத்துக் கம்பிகள் வெளியே பிதுங்கும், அதோடு தூண் போயிற்று. கம்பி மேஸ்திரி "ஒரு மாடி வீட்டுக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்று கேட்டார். "அண்ணே, கூலி சேர்த்தே தர்றேன், ஆனா ஒண்ணுகூட 90-ல இருக்கக்கூடாது" என்றேன். ஒரு ரிங்கை மாதிரிக்கு வளைத்துக் காட்டச் சொல்லி, அதைப் பார்த்தே மற்ற எல்லாவற்றையும் அடிக்க வைத்தோம். தூணின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ரிங்குகள் நெருக்கமாக வர வேண்டும், எங்கள் டிராயிங்கில் 75 மில்லிமீட்டர் இடைவெளி. கம்பியை ஒட்டுப்போடும் இடத்தையும் தளத்துக்கு மேலேயே வைக்காமல் தூணின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோனோம்.

ரொம்பவும் இழுத்தடித்தது பீமும் தூணும் சேருகிற இடம். அங்கே ரிங் போடாமல் விட்டுவிடுவதுதான் பரவலான வழக்கம், ஏனென்றால் பீம் கம்பி உட்கார்ந்த பிறகு ரிங் உள்ளே நுழையாது. எங்கள் இன்ஜினியர் சொன்ன முறை இது: முதலில் பீம் கம்பிக் கூட்டை மேல்கம்பி இல்லாமல் சென்ட்ரிங்குக்கு (காங்கிரீட்டைத் தாங்கும் பலகை அச்சுக்கு) மேலே தூக்கி வைத்துக் கட்டி, தூண் கம்பிகளில் வேண்டிய ரிங்குகளை மொத்தமாகக் கோத்து பீமின் அடிக்கம்பிக்கு மேலே குவித்துவிட வேண்டும், மேல்கம்பியை நுழைத்துக் கூட்டை அதன்பின் இறக்க வேண்டும், பிறகு ரிங்குகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கிக் கட்டுக்கம்பியால் கட்ட வேண்டும். கம்பி இவ்வளவு நெருக்கமாக இருந்தால் 20 எம்எம் ஜல்லி இறங்காது என்பதால் அந்த இடங்களுக்கு மட்டும் 12 எம்எம் ஜல்லி கலந்து, வைப்ரேட்டரைப் பொறுமையாக இறக்கினோம்.

கம்பிக்கும் கூலிக்கும் கூடுதலாகத்தான் செலவானது, ஆனால் நாங்கள் டைல்ஸில் குறைத்துக்கொண்டதை விடக் குறைவு. டைல்ஸை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், ரிங்கை முடியாது. கான்ட்ராக்ட் போடும்போதே "இன்ஜினியர் கம்பியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் காங்கிரீட்" என்று எழுதி வாங்கிவிடுங்கள், வாய்ப்பேச்சாக விட்டால் லாரி வந்து நிற்கும் காலையில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு இணைப்பையும் டேப் வைத்துப் போட்டோ எடுத்து டிராயிங்கோடு சேர்த்து வையுங்கள், பிறகு மேலே இன்னொரு தளம் ஏற்ற நினைத்தால் அந்த இன்ஜினியர் முதலில் கேட்பது அதைத்தான்.